நாலு எஞ்சினும் ஒரே வளைவும்

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது முறையாகவும் எஞ்சின் மட்டும் குகைக்குள் போய்விட்டது. அது இழுத்து வந்த ஏழு பெட்டிகளும் மலை வளைவில் ஒரு நொடி திகைத்து நின்றன. பிறகு ஏறி வந்த சரிவிலேயே மெல்லப் பின்னோக்கி உருண்டு, ஈப்போ ஸ்டேஷனில் நின்றிருந்த எண்ணெய் டாங்கியில் மோதி நின்றன.

"ஆச்சுலா," என்றான் ராட்னி. "எஞ்சினுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. குடும்பத்த உட்டுட்டுத் தனிக்குடித்தனம் போயிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கண்காட்சிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் மூடிக்கிடக்கும் ஒரு தையல் கடையின் மேல்மாடியில்தான் சின்ன மாதிரி ரயில்களை ஓட்டும் அந்தக் கழகம் இருந்தது. கழகம் என்று பெயர் பெரிது. ஆட்கள் நான்கு பேர். தலைவர் ஜெயபாலன் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எஞ்சின்களும் பெட்டிகளும் அவருடையவை. கைப்பேசி பழுதுபார்க்கும் ராட்னி மின்சாரக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டான். பன்னிரண்டு அடி மேசையின் மேல் தண்டவாளம் போட்டதும், பிளாஸ்டரில் சுண்ணாம்பு மலை எழுப்பியதும் டொமினிக். தொழில் தரைக்கு டைல்ஸ் பதிப்பது. நான்காவது ஆள் தினேஸ்வரி. சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

ஜெயபாலன் குகையின் மறுபக்கம் போய், தனியாக வெளியே வந்த எஞ்சினைக் கையில் எடுத்தார்.

"நாலு எஞ்சினையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாச்சு. நாலும் அதே எடத்துலதான் விடுது. அப்பறம் எஞ்சின்ல என்னா தப்பு இருக்க முடியும்?" என்றார். டொமினிக்கைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "தடம்தான்."

டொமினிக் ஏற்கெனவே வளைவின் மேல் குனிந்திருந்தார். விரல் நீள ரசமட்டம் ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, தலையைச் சாய்த்து, உள்ளே நீர்க்குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். வேலைக்கு எடுத்துப் போகும் பெரிய ரசமட்டம் இங்கே பயன்படாது என்று இதை அவரே தேடி வாங்கி வந்திருந்தார்.

"என்னாண்ணே, பாத்ரூம்னு நெனச்சு தண்ணி ஓட சரிவு வச்சிட்டீங்களா?" என்றான் ராட்னி.

இதற்கு ஜெயபாலன் சிரித்தார். தினேஸ்வரியும் சிரித்தாள். டொமினிக் மட்டும் நிமிரவில்லை. அவருடைய காது சிவந்திருந்தது.

"தினேஸ், கப்ளர் எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டார் ஜெயபாலன்.

"சரியாத்தான் இருக்கு அங்கிள். எட்டும் கேஜ்ல நிக்குது." கையோடு வைத்திருந்த குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினாள். எஞ்சினுக்கு இரண்டு வீதம் எட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் தேதி, உயரம், அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கேஜ் என்ற உலோக வில்லையைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தால் எட்டு கப்ளரும் சொன்ன உயரத்தில்தான் நின்றன. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். மேசை இழுப்பறையில் ஜெயபாலன் கொடுத்து, நுனி வெட்டப்படாமலே கிடந்த தூள் டப்பா அவளுக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டாள்.

கப்ளர் என்பது எஞ்சினையும் பெட்டியையும் கோத்துப் பிடிக்கும் கை. நெல்மணி அளவு இருக்கும். விரலை மடக்கி ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். விரல் மூடியே இருக்கும்படி பார்த்துக்கொள்வது தலைமயிர் மொத்தத்தில் ஒரு ஸ்பிரிங். அடியில் ஒரு கம்பி வளைந்து தொங்கும். கழகத்தில் அதற்கு மீசை என்று பெயர். இந்த எட்டுக் கைகளையும் ஜெயபாலன் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவள் பொறுப்பில் விட்டிருந்தார். தினேஸ்வரி பகலில் பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்ப்பவள், மாலையில் இயந்திரப் பராமரிப்பு படிப்பவள். "ஒன் கைக்கு இது ஒண்ணும் பெருசு இல்ல," என்று சொல்லி, கறுப்புத் தூள் அடைத்த ஒரு சின்ன டப்பாவையும் கொடுத்தார். "மாட்டறப்ப இத உள்ள லேசாத் தூவிவிடு."

அந்தத் தூளைப் பார்த்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பென்சிலைச் சீவிய கரி மாதிரி இருந்தது. எஞ்சினின் மஞ்சள் வர்ணத்தில் பட்டால் அழுக்காகும் என்று நினைத்தாள். அதோடு, அசைகிற இரும்பைக் காய விடுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் அப்பா செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலையில் இருபது வருடம் மெஷின்களுக்கு எண்ணெய் விடும் ஆளாக இருந்தவர். தோட்டம் போய் வீட்டு மனைகள் வந்து, அவர் காவல் வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக் கதவுக்கீல், காத்தாடி, கத்தரிக்கோல், மழைக்குடையின் கம்பி, எல்லாவற்றுக்கும் மாதம் ஒரு துளி. கீல் கிறீச்சிட்டால் வீட்டில் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். அப்படி வளர்ந்தவள் எட்டு கப்ளருக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டாள். விரல்கள் வழுக்கிக்கொண்டு அசைந்தன. தூளைவிட இது எவ்வளவு சுத்தம் என்று அன்று பெருமைகூடப் பட்டாள்.

"மூணாம் நம்பர் எஞ்சின நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் அங்கிள். இன்னொரு தடவ பாத்துர்றேன்," என்றாள்.

"அதான் சரியா இருக்குன்னுட்டியே. சரி, எடுத்துட்டுப் போ. ஒன்ன மாதிரி எல்லாரும் ரெண்டு தடவ பாத்தாத் தேவல," என்றார் ஜெயபாலன். அதையும் ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் லேப்பில் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு எஞ்சினைப் பெரிய பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். பல் அச்சைச் சுரண்டும் ஊசியால் கப்ளரின் விரலைத் திறந்தாள். திறந்தது. விட்டாள். மூடவில்லை. பத்து வரை எண்ணினாள். பாதி மூடி நின்றது.

திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது எண்ணெய் இல்லை, சாம்பல் நிறக் களி. அது என்ன என்று கண்டுபிடிக்க அவளுக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. தினமும் கிண்ணத்தில் குழைத்து அச்சு வார்க்கிற அதே பிளாஸ்டர்தான். டொமினிக் மலையின் கடைசிப் பூச்சைப் பூசிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும் அந்த அறையில் பிளாஸ்டர் தூசி பறந்துகொண்டே இருந்தது. பட்ட இடத்திலெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. எண்ணெய் இருந்த எட்டு இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. சமதரையில் பாதி மூடிய விரல்கூட பெட்டியைப் பிடித்திருக்கும். ஏற்றத்தில் ஏழு பெட்டியின் கனமும் ஒன்றாய்ப் பின்னால் இழுக்கும்போது விரல் திறந்து விட்டுவிடும்.

நாலு எஞ்சினும் ஒரே இடத்தில் விடுகிறது என்றால் தடம்தான் தப்பு என்று ஜெயபாலன் கணக்குப் போட்டார். நாலு எஞ்சினுக்கும் பொதுவாக இன்னொன்றும் இருந்தது. அது அவள் கை.

கைப்பேசியை எடுத்து, கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'தடத்தில் தப்பு இல்லை' என்று தட்டினாள். அடுத்த வரியில் யார் தப்பு என்று எழுதியாக வேண்டும். அழித்தாள். 'ஒரு சின்ன விஷயம்' என்று தட்டினாள். அது சின்ன விஷயம் இல்லை என்று தோன்றியது. அதையும் அழித்தாள். கடைசியில் அவளுக்கு ஒரு வழி தென்பட்டது: முதலில் எட்டையும் கழுவிச் சரிசெய்துவிட வேண்டும், ரயில் நன்றாக ஓடட்டும், அப்புறம் சொன்னால் தப்பு பாதியாகிவிடும். பழுதை ஒப்புக்கொள்வதைவிட சரிசெய்ததைச் சொல்வது சுலபம்தானே. இரண்டு நாள் இதையே யோசித்து இதுதான் முறை என்று முடிவு செய்தாள். எஞ்சின்களின் நம்பரைப் புதிதாக எழுத வேண்டும் என்று ஜெயபாலனிடம் சாவி கேட்டாள். "அதுகூட ஒனக்குத் தோணுது பாரு," என்று மெச்சிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை வகுப்புக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளை நேராகப் புந்தோங்குக்கு விட்டாள். மாடிப்படியில் ஏறும்போதே மேலே விளக்கு எரிவது தெரிந்தது. சரசரவென்று சுரண்டுகிற சத்தம்.

டொமினிக் மலையைப் பாதி இடித்திருந்தார். தலைமயிரும் புருவமும் வெள்ளையாகி இருந்தன. வளைவின் தண்டவாளம் பிடுங்கப்பட்டு, ஒரு பழைய துணிமேல் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"யாரு, தினேஸா? வா தங்கச்சி. கிளாஸ் இல்லியா இன்னைக்கி?"

"இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு. தனியா இருந்தா பைத்தியம் புடிக்குது." தகட்டுக் கரண்டியால் மறுபடி சுரண்டினார். "அர நாளு லீவு போட்டுட்டு வந்துட்டேன். சனிக்கெழமைக்குள்ள முடிக்கணும்ல."

மூன்று மாதம் சனிக்கிழமை தவறாமல் அவர் அந்த மலையைக் கட்டியதை அவள் பார்த்திருந்தாள். கல்லின் கறைகளுக்குத் தேயிலைச் சாயம் பூசினார். செடிகளுக்கு உலர்ந்த பாசி ஒட்டினார். இப்போது எல்லாம் மேசைக்கு அடியில் குவியலாகக் கிடந்தது.

இதுதான் சொல்ல வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மலை ஏற்கெனவே இடிந்து கிடக்கிறதே; இனிமேல் சொல்லி என்ன என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்னொரு சமாதானம். இரண்டையும் நம்பாமலே ஏற்றுக்கொண்டாள். அறையின் மறுகோடியில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பையிலிருந்து ஸ்பிரிட்டும் சாமணமும் எடுத்தாள்.

"என்னா வாசன இது, ஆஸ்பத்திரி மாதிரி?"

"பழைய நம்பர அழிக்கறேண்ணே."

கொஞ்ச நேரம் அவர் சுரண்டினார், இவள் கழுவினாள்.

"ஒண்ணு சொல்லவா தங்கச்சி? தடத்துல என்னா தப்புன்னு எனக்கு இன்னும் தெரியல. லெவல் வச்சுப் பாத்துட்டேன். நூலு கட்டிப் பாத்துட்டேன். எனக்கு சரியாத்தான் தெரியுது. அதான்லா பயமா இருக்கு."

"ஏண்ணே?"

"கோணலா இருந்து, கோணல்னு தெரிஞ்சா சரிபண்ணிரலாம். கோணலா இருக்கறது நேராத் தெரிஞ்சா என்னா பண்றது?" சுரண்டும் சத்தம் நின்றது. "போன மாசம் பெர்ச்சாம்ல ஒரு கிளினிக்குக்குத் தரை போட்டேன். கை கழுவற எடத்துல தண்ணி ஓடாம நிக்குதாம். கம்ப்ளேன் பண்ணிட்டாங்க. பதினாலு வருசமா கூலி குடுக்கற எந்தத் தவுக்கேயும் என் தரையில லெவல் வச்சுப் பாத்ததில்ல. இப்ப நான் ஒரு ரூம் முடிச்சா அவரே வந்து குனிஞ்சு பாக்கறாரு. நான் ஓரமா நிக்கறேன், பரீச்ச பேப்பர் திருத்தறப்ப நிக்கற மாதிரி."

தினேஸ்வரி அடுத்த கப்ளரை ஸ்பிரிட்டில் முக்கினாள்.

"அது ஒண்ணுன்னா பரவால்ல. இங்கயும் இப்படின்னா, கண்ணு போயிருச்சுன்னுதானே அர்த்தம்? ஆயர் தாவார்ல என் மச்சான் செம்பனைப் பழக்கொல ஏத்தற லோரி வச்சிருக்கான். ஒண்ணாந்தேதிலேர்ந்து வந்து ஓட்டுன்னு கூப்புடறான். லோரிக்கு லெவல் வேணாம் பாரு."

சாமணத்தின் நுனியிலிருந்து ஸ்பிரிங் துள்ளிப் பறந்துவிட்டது.

"ஐயோ!"

"என்னா போச்சு?"

"ஸ்பிரிங்குண்ணே... சின்னது. தூசி தொடைக்கலாம்னு கழட்டுனேன். பரவால்லண்ணே, நானே தேடிக்கறேன்."

அவர் அதற்குள் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டுவிட்டார். கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, மேசைக்கால்களுக்கு நடுவில் அடிஅடியாக நகர்ந்தார். வெள்ளைத் தூசியில் தலைமயிர் அளவு ஒரு கம்பி. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஆங்! ஆப்புட்டுக்கிச்சு!" விரல் நுனியை எச்சிலில் தொட்டு ஒற்றி எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். மூக்கிலும் முழங்காலிலும் வெள்ளை. முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குபோல, என்னா?"

தினேஸ்வரி நன்றி சொன்னாள். அந்த ஸ்பிரிங்கை மாட்டி, எட்டு கப்ளரையும் கழுவித் துடைத்து முடித்துக் கிளம்பும்போது டொமினிக் வளைவின் அடிப்பலகையை மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தார். அன்று வீட்டில் குறிப்பேட்டைத் திறந்து, 'வியாழன்: கப்ளர் எட்டும் சுத்தம் செய்தேன்' என்று எழுதினாள். வேறு எதுவும் எழுத வரவில்லை.

சனிக்கிழமை ரயில் இருபது சுற்று ஓடியது. ஒருமுறைகூட விடவில்லை. எஞ்சினை மாற்றினார்கள், ஓடியது. ஏழு பெட்டியை ஒன்பதாக்கினார்கள், ஓடியது. புதிய மலை இன்னும் வர்ணம் காயாமல் ஈரமாக நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் ஜெயபாலன். இந்த முறை டொமினிக்கைப் பார்த்தே சொன்னார், தோளையும் தட்டினார். "நான் சொன்னேன்ல. தடம்தான். இப்ப எப்படி ஓடுது பாருங்க, வெண்ணெயில கத்தி போற மாதிரி."

"ஆமா," என்றார் டொமினிக். "தடம்தான்."

எல்லாம் சரியாகிவிட்டது. சரியான பிறகு சொன்னால் தப்பு பாதியாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் சரியானதே டொமினிக் மேல் குற்றத்தை முத்திரை குத்திவிட்டது. முன்பு அது வெறும் சந்தேகம். அவள் மறைத்துக் கழுவியதால் இப்போது நிரூபணம். வியாழக்கிழமை அவள் அந்தப் பக்கம் போகாமலே இருந்திருந்தால் இன்று ரயில் புதுத் தடத்திலும் விட்டிருக்கும், டொமினிக் தப்பித்திருப்பார்.

"ஒரு விசயம்," என்றார் டொமினிக், குழந்தையைத் தடவுவதுபோல் வளைவைத் தடவிக்கொண்டே. "நாளைக்குக் கண்காட்சி முடிஞ்சதும் நான் கழகத்துலேர்ந்து வெலகிக்கறேன். திங்கக்கெழம தவுக்கேகிட்டயும் சொல்லிருவேன். ஆயர் தாவாருக்குப் போலாம்னு இருக்கேன், லோரி ஓட்ட."

"யோவ் அண்ணே," ராட்னி பதறிவிட்டான். "பாத்ரூம்னு சொன்னதுக்கா? சும்மா வெளையாட்டுக்குலா! நான் யாரத்தான் கிண்டல் பண்ணல?"

"ஒன் மேல ஒண்ணும் இல்லடா. நீ சொன்னது சரிதான். எனக்கே தெரியும்."

"தப்பு தடத்துல இல்ல," என்றாள் தினேஸ்வரி.

மூவரும் திரும்பினார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கப்ளர்ல எண்ணெய் விட்டேன். தூள் போடச் சொன்னாரு அங்கிள், நான் போடல. எண்ணெய்ல பிளாஸ்டர் தூசி ஒட்டி, வெரல் மூடாம நின்னுச்சு. அதான் ஏத்தத்துல உட்டுச்சு. நான் கழுவிட்டேன். அதுனாலதான் ஓடுது. தடம் மொதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்திச்சு."

ஜெயபாலன் மேசைமேல் கிடந்த அவள் குறிப்பேட்டை எடுத்தார்.

"நீதானே கேஜ்ல வச்சுக் காட்டுன?" என்றார் ஜெயபாலன்.

"கேஜ் ஒசரத்தத்தான் காட்டும் அங்கிள்."

டொமினிக் சிரித்தார். கனிவான சிரிப்பு, அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. "நல்ல மனசு தங்கச்சி ஒனக்கு. வியாழக்கெழம நான் பொலம்புனத கேட்டுட்டு இப்படிச் சொல்ற. வேணாம். தேத்தறதுக்காகச் சொல்றது எனக்குப் புரியாதா?"

"தேத்தறதுக்கு இல்லண்ணே. நெஜமா."

"விடு. பிச்ச போடற மாதிரி இருக்கு."

இப்படி ஆகும் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. திட்டுவார்கள், விலகிப் போகச் சொல்வார்கள் என்றெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். நம்பாமல் போவார்கள் என்பது அந்த வரிசையில் இல்லை.

ரயிலை நிறுத்தினாள். மூன்றாம் நம்பர் எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்து, மோட்டாருக்கு விடுகிற எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பின் கப்ளரில் ஒரு துளி விட்டாள். மேசைக்கு அடியில் குனிந்து, இடித்துப்போட்ட பழைய மலையிலிருந்து ஒரு சிட்டிகை தூளை எடுத்து அதன்மேல் தூவி, பல்குச்சியால் உள்ளே தள்ளினாள்.

"ஏய், ஏய்," என்றார் ஜெயபாலன். "நாளைக்கு ஓட்டணும் அத."

"கழுவித் தந்துர்றேன் அங்கிள்."

ஏழு பெட்டிகளைக் கோத்து, ரயிலை ஓட்டும் குமிழைத் திருப்பினாள். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது, ஏற்றத்தில் ஏறியது, வளைவில் திரும்பியது, ஏழு பெட்டியோடும் குகைக்குள் போய் மறுபக்கம் வந்தது.

"பாத்தியா," என்றார் டொமினிக் மெதுவாக.

"இன்னொரு சுத்து."

இரண்டாவது சுற்றும் தாண்டிவிட்டது. தன் வேலை கெட்டுப்போக வேண்டும் என்று யாரும் இவ்வளவு வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ராட்னி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். மூன்றாவது சுற்றில் வளைவின் நடுவில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். எஞ்சின் தனியாகக் குகைக்குள் போனது. ஏழு பெட்டிகளும் நின்று, தயங்கி, சரிவில் பின்னோக்கி உருண்டன.

ராட்னி அவற்றை ஸ்டேஷனில் கையால் பிடித்து நிறுத்தினான்.

டொமினிக் தண்டவாளத்தைப் பார்த்தார். வளைவின் மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

"வியாழக்கெழம நீ இதத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தியா?"

"ஆமாண்ணே."

"நம்பர் எழுதல?"

"இல்ல."

"அந்த ஸ்பிரிங்கு?"

"கப்ளருக்குள்ள இருக்கறதுண்ணே."

"நான் மண்டி போட்டுத் தேடி எடுத்தேன்," என்றார் டொமினிக். அவர் குரல் உயரவில்லை. "அந்தப் பக்கம் நான் மலையச் சொரண்டறேன். இந்தப் பக்கம் நீ கழுவற. என் மச்சான் கதையெல்லாம் ஒங்கிட்ட சொல்றேன். நீ கேட்டுக்கிட்டே கழுவற."

"மன்னிச்சிருங்கண்ணே."

அவர் சின்ன ரசமட்டத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். படியில் இறங்கும் சத்தம் நிதானமாக, ஒவ்வொரு படியாகக் கேட்டது.

ஜெயபாலன் இழுப்பறையைத் திறந்து தூள் டப்பாவை எடுத்து, அதன் நுனியைத் தானே வெட்டி, மூன்றாம் நம்பர் எஞ்சின் பக்கத்தில் வைத்தார். "நான் ஒன்னயும் சரியாக் கேக்கல, டொமினிக்கிட்டயும் சரியாப் பேசல," என்றார். "எட்டையும் மறுபடி கழட்டு. நான் பாக்கணும்." அவள் கழற்றினாள். ஒவ்வொன்றையும் அவர் கையில் வாங்கிப் பார்த்துத்தான் மாட்ட விட்டார். பரீட்சைத் தாள் திருத்தும்போது ஓரமாக நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி மண்டபத்தில் கூட்டம் ஒன்பது மணிக்கே சேர்ந்துவிட்டது. டொமினிக் வரமாட்டார் என்றுதான் தினேஸ்வரி நினைத்தாள். பத்து மணிக்கு வந்தார். நேராக ராட்னி பக்கத்தில் போய் நின்று, குமிழைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவள் மேசைக்குப் பின்னால் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"நேத்து கழகத்துலேர்ந்து நேரா பெர்ச்சாம் போனேன்," என்றார் டொமினிக். "கிளினிக்க மூடற நேரம். கெஞ்சிக் கேட்டு உள்ள போயி லெவல் வச்சேன். மூணு மில்லி எதிர்ப்பக்கமாச் சரிஞ்சிருக்கு. நெஜமாவே என் தப்புதான். அவசரத்துல போட்டிருக்கேன்."

"அடடா. அப்பறம்?"

"அப்பறம் என்னா, ஒடச்சுட்டு மறுபடி போடணும். செவ்வாக்கெழம போறேன். தவுக்கேகிட்ட நானே சொல்லிட்டேன்." ரயிலை ஸ்டேஷனில் மெல்ல நிறுத்தினார். "அது என் தப்பு. இது என் தப்பு இல்ல. ரெண்டையும் ஒண்ணாக் கட்டித் தலையில வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்லா."

"லோரி?"

"லோரிய மச்சானே ஓட்டட்டும்."

தினேஸ்வரி துடைத்த பெட்டியையே மறுபடி துடைத்தாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை வெளியே காட்ட தனக்கு உரிமை இல்லை என்றும் இருந்தது.

மதியம் போல ரயில் தடம் பிரியும் இடத்தைத் தாண்டும்போது கிர்ர் என்று உரசும் சத்தம் கேட்டது. டொமினிக் குமிழைத் திருப்பி நிறுத்தினார். குனிந்து பார்த்தார்.

"ராட்னி," என்றார், "மூணாம் நம்பரோட மீச தண்டவாளத்துல தட்டுது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

அவள் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருந்தாள். நேற்று மதியம்வரை அவள் அவருக்குத் தங்கச்சி.

ராட்னி அவளைப் பார்த்தான். அவன் சொல்லத் தேவையில்லாமல் அது அவள் காதிலேயே விழுந்திருந்தது. எஞ்சினை எடுத்தாள். நேற்று எட்டையும் மறுபடி மாட்டியபோது கம்பி ஒன்று தாழ்ந்துவிட்டிருந்தது. சாமணத்தால் ஒரு நூல் அளவு மேலே வளைத்தாள், கேஜில் வைத்துப் பார்த்தாள், இன்னொரு முறையும் பார்த்தாள். சுற்றி நின்ற கூட்டம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. காது மடல் எரிந்தது.

எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, ராட்னியிடம் இல்லாமல், அவரிடமே சொன்னாள்.

"மாட்டறப்ப நான்தான் கவனிக்கலண்ணே. மீச தாழ்ந்திருந்திச்சு. இப்ப தூக்கிட்டேன்."

டொமினிக் தடம் பிரியும் இடத்தையே பார்த்தபடி குமிழைத் திருப்பினார்.